‘பிக் தேன்’, ‘மோர் பெட்டர்’: ஆங்கிலத்தில் ஒப்பிடும்போது எங்கே பழுதாகிறது?

மிக்ஸி பழுது பார்க்கிற கடையில் போய் நின்றால், கடைக்காரர் எடுத்த எடுப்பில் திருப்புளியைத் தூக்குவதில்லை. “என்ன சத்தம் வருது? சுத்துதா, சுத்தலையா?” என்றுதான் கேட்பார். சத்தத்தைச் சொன்னாலே பாதி நோய் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் இரண்டு பொருளை ஒப்பிட்டுச் சொல்லும் வாக்கியத்துக்கும் இந்த வைத்தியமே சரி. இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டியதில்லை. நம் வாயிலிருந்து என்ன சத்தம் வருகிறது என்று பார்த்தால் போதும்.

மதுரை அரசரடிப் பக்கம் ஒரு மாடி அறையில் மாலை நேரம் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். விளக்குத்தூண் ஜவுளிக்கடையில் நிற்கிறவர், வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர், வெளிநாட்டு அழைப்பை எடுத்துப் பேச வேண்டிய வேலையில் இருப்பவர் என்று எல்லா வகையும் வருவார்கள். ஒப்பீட்டில் அவர்கள் செய்யும் பிழைகளை எண்ணினால் பத்துப் பன்னிரண்டைத் தாண்டாது. அதில் பெரும்பாலானவை ‘விட’ என்ற நம்முடைய ஒரே ஒரு சொல்லிலிருந்து கிளம்புகிறவை.

“மதுரை பெரியது.” “மதுரை திண்டுக்கல்லைவிடப் பெரியது.” இரண்டையும் பாருங்கள். ‘பெரியது’ அசையவே இல்லை. ஒப்பிடும் வேலை முழுவதையும் ‘விட’ தலையில் தூக்கிக்கொண்டது. இது இன்று வந்த பழக்கமும் அல்ல. ‘காக்கையின் கரிது களம்பழம்’ என்று இலக்கண உரைகளில் ஓர் உதாரணம் உண்டு. அங்கேயும் ‘கரிது’ மாறவில்லை. ‘இன்’ என்ற ஐந்தாம் வேற்றுமை உருபே சுமையைத் தாங்குகிறது. ஆங்கிலம் அப்படி இல்லை. அங்கே போல்ட்டும் நட்டும் மாதிரி இரண்டு இடத்தில் முடுக்க வேண்டும்: பண்புச் சொல்லை ‘பிக்கர்’ என்று மாற்ற வேண்டும், பிறகு ‘தேன்’ போட வேண்டும். ஒன்றை விட்டாலும் ஆடும், ஒன்றையே இரண்டு தடவை முடுக்கினாலும் மரை கழன்றுவிடும்.

ஒரு விஷயம். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ‘தேன்’ என்று வருவது டி, எச், ஏ, என் என்ற நான்கெழுத்துச் சொல். மாட்டுத்தாவணியில் பாட்டிலில் வாங்குவது அல்ல.

‘மதுரை இஸ் பிக் தேன் திண்டுக்கல்’

முதல் முடுக்கு விட்டுப்போயிற்று. ‘விட’ போட்டாயிற்றே, போதாதா என்று தமிழ் மனசு நினைக்கிறது. ‘பிக்கர் தேன்’ என்று சொல்ல வேண்டும்.

எந்தச் சொல்லுக்கு ‘அர்’ சேர்ப்பது, எதற்கு முன்னால் ‘மோர்’ போடுவது என்பது அடுத்த கேள்வி. கை தட்டிப் பார்க்கச் சொல்லுவேன். ஒரே தட்டில் முடிகிற சொல்லுக்கு ‘அர்’: ‘ஹாட்டர்’, ‘சீப்பர்’, ‘லாங்கர்’. இரண்டு தட்டு வாங்கி ‘இ’ ஓசையில் முடிந்தால் அதற்கும் அப்படியே: ‘ஈஸியர்’, ‘ஹெவியர்’. மூன்று தட்டும் அதற்கு மேலும் என்றால் ‘மோர்’: ‘மோர் எக்ஸ்பென்ஸிவ்’, ‘மோர் பியூட்டிஃபுல்’. நடுவில் மாட்டுகிற இரண்டு தட்டுச் சொற்கள்தான் தொல்லை. ‘நேரோ’ என்பது ‘நேரோயர்’ ஆகும், ‘மாடர்ன்’ என்பது ‘மோர் மாடர்ன்’ ஆகும். சந்தேகம் வந்தால் ‘மோர்’ போட்டுவிடுங்கள், பெரும்பாலும் தப்பித்துவிடலாம். ‘டயர்ட்’ மட்டும் சின்னச் சொல் போலத் தெரிந்தாலும் ‘மோர் டயர்ட்’ என்றே வரும். ‘குட், பெட்டர்’, ‘பேட், வொர்ஸ்’, ‘ஃபார், ஃபார்தர்’ மூன்றையும் மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

‘திஸ் ஷர்ட் இஸ் மோர் பெட்டர், சார்’

ஜவுளிக்கடைத் தம்பி இதை ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது சொல்லுவார். முதல் பழுதுக்குப் பயந்து இரண்டு முறை முடுக்கிவிட்டார். ‘பெட்டர்’ என்பதிலேயே ‘விட’ ஏறிவிட்டது. மேலே ஒரு ‘மோர்’ எதற்கு? நானூறு வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் இந்த மாதிரி இரட்டிப்பு சாதாரணம், பெரிய எழுத்தாளர்களே எழுதியிருக்கிறார்கள். ஆனால் இன்று தேர்வுத் தாள் திருத்துகிறவரிடம் அதைச் சொல்லித் தப்ப முடியாது.

தம்பி ஏன் ‘மோர்’ போட்டார் என்று கேட்டேன். “இந்தச் சட்டை இன்னும் நல்லா இருக்கும்னு சொல்ல வந்தேன் சார்.” நியாயமான ஆசை. அந்த ‘இன்னும்’ என்பதற்கு ‘ஈவன் பெட்டர்’ என்ற சொல் இருக்கிறது. ‘ரொம்பவே நல்லா’ என்றால் ‘மச் பெட்டர்’. ‘கொஞ்சம் பரவாயில்லை’ என்றால் ‘எ லிட்டில் பெட்டர்’. ‘வெரி பெட்டர்’ மட்டும் கிடையாது. தமிழில் ‘ரொம்ப’ எல்லா இடத்திலும் உட்காரும். ஆங்கில ‘வெரி’ இந்த நாற்காலியில் உட்காராது.

இதே குடும்பத்தில் இன்னொன்று உண்டு. நம் ஊரில் ‘விட’ இல்லாமலே ஒப்பிடுவோம்: “அதுக்கு இது தேவலை.” இதை அப்படியே கொண்டுபோய் ‘ஃபார் தட், திஸ் இஸ் பெட்டர்’ என்று சிலர் சொல்கிறார்கள். கேட்கிற வெளியூர்க்காரர் எதற்காக என்று யோசித்துக்கொண்டு நிற்பார். ‘திஸ் இஸ் பெட்டர் தேன் தட்’ என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

‘மை அக்கா இஸ் த்ரீ இயர்ஸ் எல்டர் தேன் மீ’

இது மதுரை மட்டுமில்லை, இந்தியா முழுக்கக் கேட்கிற பிழை. அக்கா, அண்ணன் என்று பிறப்பு வரிசையைப் பெயரிலேயே வைத்திருக்கும் நமக்கு ‘எல்டர்’ மிகவும் பிடித்துப்போகிறது. ஆனால் அந்தச் சொல் பெயருக்கு முன்னால் மட்டும் நிற்கும்: ‘மை எல்டர் சிஸ்டர்’. ‘தேன்’ வந்தால் ‘ஓல்டர்’ ஆக்கிவிட வேண்டும். ‘மை அக்கா இஸ் த்ரீ இயர்ஸ் ஓல்டர் தேன் மீ.’ ‘ஓல்ட்’ என்றால் கிழடு என்ற எண்ணத்தில் அக்காவைச் சொல்லக் கூசுகிறவர்கள் உண்டு. கூச வேண்டாம், பச்சைக் குழந்தைக்கே ‘ஒன் இயர் ஓல்ட்’ என்றுதான் வயது சொல்கிறார்கள்.

அந்த வாக்கியத்தில் ‘த்ரீ இயர்ஸ்’ நிற்கிற இடத்தையும் கவனியுங்கள். ‘லேடி டோக் கல்லூரியைவிட அமெரிக்கன் கல்லூரி 67 வருஷம் பழையது’ என்று தமிழில் சொல்கிறோம். முன்னது 1948, பின்னது 1881. ஆங்கிலமாக்கும்போது ‘ஓல்டர் தேன் லேடி டோக் காலேஜ் 67 இயர்ஸ்’ என்று அளவைக் கடைசியில் தொங்கவிடுகிறார்கள். அளவு, பண்புச் சொல்லின் முதுகோடு ஒட்டி முன்னால் வர வேண்டும்: ‘சிக்ஸ்டி செவன் இயர்ஸ் ஓல்டர் தேன்’. கடைசியில்தான் வைப்பேன் என்றால் ‘பை’ சேர்த்து ‘பை 67 இயர்ஸ்’ என்று சொல்லலாம்.

‘ஹி இஸ் சீனியர் தேன் மீ’

அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் கொண்டுவரும் சத்தம். மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்விலும் வங்கித் தேர்வுகளிலும் பிழை கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்விகளுக்குப் பிடித்தமான பொறியும் இதுதான். ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’, ‘இன்ஃபீரியர்’, ‘ப்ரையர்’ எல்லாம் லத்தீனிலிருந்து வந்த சொற்கள். அந்த மொழியில் இந்த ‘இயர்’ வாலே ‘விட’ என்பதன் வேலையைச் செய்தது. முதியவர் என்ற சொல்லிலிருந்து ‘இன்னும் முதியவர்’ என்று பிறந்ததே ‘சீனியர்’. ஆங்கிலத்துக்கு வந்த பிறகும் இவை ‘தேன்’ கேட்பதில்லை, ‘டு’ கேட்கின்றன: ‘ஹி இஸ் சீனியர் டு மீ’.

இந்த வரிசையில் ‘ப்ரிஃபர்’ சேர்வதுதான் பலரை விழவைக்கிறது. ‘ஐ ப்ரிஃபர் இட்லி தேன் பொங்கல்’ தவறு. ‘ஐ ப்ரிஃபர் இட்லி டு பொங்கல்’ சரி. செயல்களை ‘டு வாக்’ மாதிரி ‘டு’ போட்ட வினையாக ஒப்பிட்டால் மட்டும் ‘ரேதர் தேன்’ வரும்: ‘ஐ ப்ரிஃபர் டு வாக் ரேதர் தேன் வெயிட் ஃபார் த பஸ்’.

‘கம்பேர் டு கொடைக்கானல், மதுரை இஸ் ஹாட்’

ஒலியில் ஒரு ‘ட்’ விழுந்துவிட்டது. ‘கம்பேர்ட் டு’ அல்லது ‘கம்பேர்ட் வித்’ என்று சொல்ல வேண்டும். பேசும்போது அந்த ‘ட்’ அடுத்த ‘டு’வில் கரைந்துவிடுவதால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், எழுதும்போது மாட்டிக்கொள்வீர்கள். ‘ஹாட்டர் தேன் கம்பேர்ட் டு’ என்று இரண்டையும் அடுக்குவது வேறு பழுது. ஒன்றைப் பிடுங்கிப் போடுங்கள். என் கருத்து, இந்தச் சொற்றொடரே முக்கால்வாசி நேரம் தேவையில்லை. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ‘மதுரை இஸ் ஹாட்டர் தேன் கொடைக்கானல்’ என்றாலே எல்லாருக்கும் விளங்கும்.

‘த பாப்புலேஷன் ஆஃப் மதுரை டிஸ்ட்ரிக்ட் இஸ் லார்ஜர் தேன் திருச்சி’

இனிமேல் வருகிற பழுதுகள் காதுக்குத் தெரியாதவை. மிக்ஸி நன்றாகச் சுற்றும், மாவு மட்டும் அரையாது.

2011 கணக்கெடுப்பில் மதுரை மாவட்டத்து மக்கள்தொகை 30.38 லட்சம், திருச்சி மாவட்டத்துக்கு 27.22 லட்சம். செய்தி சரி, வாக்கியம் சரியில்லை. ஒரு பக்கம் மக்கள்தொகை நிற்கிறது, மறுபக்கம் ஒரு ஊரே வந்து நிற்கிறது. எண்ணையும் ஊரையும் எப்படித் தராசில் வைப்பது? தமிழில் ‘மதுரையின் மக்கள்தொகை திருச்சியைவிட அதிகம்’ என்றால் யாரும் கேள்வி கேட்பதில்லை, விடுபட்டதைக் கேட்பவரே நிரப்பிக்கொள்வார். எழுத்து ஆங்கிலம் அந்தச் சலுகையைத் தராது. ‘லார்ஜர் தேன் தட் ஆஃப் திருச்சி டிஸ்ட்ரிக்ட்’ என்று ஒரு ‘தட் ஆஃப்’ வைத்து நிரப்ப வேண்டும். பன்மையானால் ‘தோஸ் ஆஃப்’.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. ‘தேன்’ என்ற சொல்லுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒவ்வொரு விரலை வையுங்கள். இரண்டு விரலும் ஒரே இனத்தைத் தொடுகின்றனவா? ‘ஹெர் சாலரி இஸ் ஹையர் தேன் மீ’ என்றால் ஒரு விரல் சம்பளத்தைத் தொடுகிறது, இன்னொன்று என்னைத் தொடுகிறது. ‘தேன் மைன்’ என்று திருத்த வேண்டும்.

‘த சவுத் டவர் இஸ் டாலர் தேன் எனி டவர் இன் த டெம்பிள்’

(‘டாலர்’ என்பது இங்கே உயரம், அமெரிக்கக் காசு இல்லை.)

மீனாட்சியம்மன் கோயிலில் தெற்குக் கோபுரம்தான் உயரமானது, சுமார் 170 அடி. மேலே உள்ள வாக்கியத்தை எழுத்தெண்ணிப் படித்தால் கோயிலில் உள்ள எந்தக் கோபுரத்தைவிடவும் அது உயரம் என்று வருகிறது. அதுவும் அந்தக் கோயில் கோபுரங்களில் ஒன்றுதானே? அப்படியானால் தன்னைவிடத் தானே உயரம் என்றாகிறது. ‘எனி அதர் டவர்’ என்று ‘அதர்’ சேர்த்தால் சிக்கல் தீரும். தமிழிலும் கவனமாகச் சொல்கிறவர்கள் ‘மற்ற கோபுரங்களைவிட’ என்றுதான் சொல்வார்கள்.

உடனே எல்லா இடத்திலும் ‘அதர்’ போடப் பழகிவிடாதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் 192 அடி என்பார்கள். அதை மதுரையோடு ஒப்பிட்டால் ‘டாலர் தேன் எனி டவர் இன் மதுரை’ போதும். அது மதுரைக் கோபுரம் இல்லையே, அதனால் ‘அதர்’ அங்கே வரக்கூடாது. ஒப்பிடப்படுவது அந்தக் கூட்டத்துக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

‘காவேரி இஸ் த்ரீ டைம்ஸ் லாங்கர் தேன் வைகை’

வைகையின் நீளம் 258 கிலோமீட்டர், காவிரி சுமார் 800. மூன்று மடங்கு நீளம் என்பதுதான் நாம் சொல்ல வந்தது. ஆனால் ‘த்ரீ டைம்ஸ் லாங்கர்’ என்பதைக் கறாராகப் படிப்பவர், வைகை அளவு போக அதற்கு மேல் மூன்று மடங்கு, ஆக மொத்தம் நான்கு என்று கணக்குப் போடக்கூடும். வம்பே வேண்டாம்: ‘த்ரீ டைம்ஸ் ஆஸ் லாங் ஆஸ் த வைகை’. இரண்டு ‘ஆஸ்’ நடுவில் பண்புச் சொல் பச்சையாக, ‘அர்’ சேராமல் உட்காரும். ‘ஆஸ் லாங்கர் ஆஸ்’ கிடையாது, ‘ஆஸ் டால் லைக் மீ’யும் கிடையாது.

‘ஐ லைக் ஜிகர்தண்டா மோர் தேன் மை வைஃப்’

புதிதாகக் கல்யாணமான ஒருவர் வகுப்பில் எழுந்து நின்று சொன்ன வாக்கியம். அறை சிரித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது. தன் மனைவிக்குப் பிடிப்பதைவிடத் தனக்கு அதிகம் பிடிக்கும் என்று சொல்லத்தான் அவர் எழுந்தார். மனைவியைவிட ஜிகர்தண்டாதான் உசத்தி என்று வந்து விழுந்தது.

வேடிக்கை என்னவென்றால் ‘என் மனைவியைவிட எனக்கு ஜிகர்தண்டா பிடிக்கும்’ என்ற தமிழ் வாக்கியத்திலும் இதே இரண்டு அர்த்தம் உண்டு. நாம் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. மருந்து ஒரு சொல்தான்: ‘மோர் தேன் மை வைஃப் டஸ்’. கடைசியில் வினைச்சொல்லின் வாலைச் சேர்த்தால் மனைவி செய்கிறவர் ஆகிவிடுகிறார், தராசுத் தட்டிலிருந்து இறங்கிவிடுகிறார்.

‘தேன் ஐ’யா, ‘தேன் மீ’யா என்ற பழைய சண்டைக்கும் இந்த வால் உதவும். பேச்சில் எல்லாரும் ‘டாலர் தேன் மீ’ என்கிறார்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை. பழைய பாணித் தேர்வாளர் ‘தேன் ஐ’ எதிர்பார்ப்பார். ‘தேன் ஐ ஆம்’ என்று சொல்லிவிட்டால் இரண்டு பேருக்கும் திருப்தி.

‘ஹி இஸ் லேஸியர் தேன் ஸ்டுப்பிட்’

இது எனக்கு மிகவும் பிடித்த பழுது, இதைச் செய்கிறவர் நன்றாகப் படித்தவராகத்தான் இருப்பார். ‘லேஸி’ இரண்டு தட்டு, ‘இ’யில் முடிகிறது, ஆகவே ‘லேஸியர்’. சொன்ன விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறார், ஆனாலும் தவறு. இங்கே இரண்டு ஆட்களை ஒப்பிடவில்லை. ஒரே ஆளுக்கு எந்தப் பெயர் பொருந்தும் என்று பார்க்கிறோம்: ‘அவனை முட்டாள் என்பதைவிடச் சோம்பேறி என்று சொல்லலாம்.’ தமிழில் ‘என்பதைவிட’ வந்தால் ஆங்கிலத்தில் எவ்வளவு சின்னச் சொல்லாக இருந்தாலும் ‘மோர்’தான்: ‘ஹி இஸ் மோர் லேஸி தேன் ஸ்டுப்பிட்’. நம் ‘என்பது’ என்ற சொல் இந்த இடத்தைக் கண்டுபிடிக்கிற டெஸ்டர் மாதிரி. அதைக் கொண்டு தொட்டுப் பாருங்கள், விளக்கு எரிந்தால் ‘மோர்’.

சில்லறைப் பழுதுகள்

‘விச் இஸ் பெட்டர் தேன், காஃபி ஆர் டீ?’ என்று கேட்காதீர்கள், ‘விச் இஸ் பெட்டர்’ போதும். ‘நோ சூனர்’ என்று தொடங்கினால் நடுவில் ‘வென்’ வராது, ‘தேன்’ வரும். ‘சூனர்’ ஒப்பீட்டுச் சொல் அல்லவா? பஸ் நின்றதும் நிற்காததுமாக எல்லாரும் ஏறினார்கள் என்பது ‘நோ சூனர் டிட் த பஸ் ஸ்டாப் தேன் எவ்ரிபடி ரஷ்ட் இன்’. ‘மோர் தேன் ஒன் ஸ்டூடன்ட்’ என்றால் ஆள் இரண்டு இருந்தாலும் வினை ஒருமை: ‘இஸ் ஆப்சென்ட்’. கேட்க அநியாயமாகத்தான் இருக்கும். பக்கத்தில் நிற்கும் ‘ஒன்’ இழுக்கிற இழுப்பு அது. அப்புறம், ‘தேன்’ என்ற நான்கெழுத்தில் மூன்றாவதாக இ போட்டு எழுதினால் அது ‘பிறகு’ என்று பொருள் தரும் ‘தென்’, ஏ போட்டு எழுதினால்தான் ‘விட’. அவசரத்தில் தட்டும்போது எல்லாருக்கும் மாறும், அனுப்புவதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

‘தோண்டத் தோண்டத் தண்ணி வரும்’ என்பதை எப்படிச் சொல்வது?

வற்றிக் கிடக்கும் வைகை மணலில் ஊற்றுத் தோண்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வாக்கியத்தை விளக்க வேண்டாம். ஆனால் ஆங்கிலத்தில் ‘இஃப் யூ டிக் டிக் மீன்ஸ், வாட்டர் வில் கம்’ என்றுதான் பலருக்கு வருகிறது. தமிழ் வினையை இரட்டிக்கும், ஆங்கிலம் ஒப்பீட்டை இரட்டிக்கும்: ‘த டீப்பர் யூ டிக், த மோர் வாட்டர் யூ கெட்’. இரண்டு ‘த’, இரண்டு ஒப்பீடு, ‘தேன்’ கிடையாது. படிக்கப் படிக்க, ஏற ஏற, கேட்கக் கேட்க என்று மனசில் இரட்டித்து வருவதெல்லாம் இந்த அச்சில் வார்க்கலாம்.

‘மோர் தேன்’ போட்டும் ஒப்பிடாத இடங்கள்

போன மாதம் ஜவுளிக்கடைத் தம்பி வகுப்பு தொடங்குவதற்கு முன்பே மாடியேறி வந்துவிட்டார். கோவையில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். பதில் வந்திருக்கிறது: நேரில் வந்தால் சந்திக்க ‘வி வுட் பி மோர் தேன் ஹாப்பி’. “சார், சந்தோஷத்துக்கு மேலன்னா என்ன சார்? கோபமா?”

‘மோர் தேன் ஹாப்பி’ என்றால் ‘தாராளமாக’, ‘மிக்க மகிழ்ச்சியோடு’ என்று அர்த்தம். ‘மோர் தேன் இனஃப்’ என்றால் தாராளம், இலையில் மேலும் வைக்காதீர்கள். ‘மோர் ஆஃபன் தேன் நாட்’ என்றால் பெரும்பாலும். எதையும் எதனோடும் ஒப்பிடவில்லை, மொத்தச் சொற்றொடரையும் ஒரு சொல்லாக விழுங்கிவிட வேண்டும்.

கடிதத்தின் அடுத்த வரியில் இன்னொரு வம்பு இருந்தது. நேர்காணல் ‘நோ மோர் தேன் தேர்ட்டி மினிட்ஸ்’ ஆகுமாம். ‘நாட் மோர் தேன்’ என்றால் அதிகபட்சம் முப்பது என்று வரம்பு மட்டும் சொல்வது. ‘நோ மோர் தேன்’ என்பதில் ‘முப்பதே நிமிஷம்தான், பயப்படாதீர்கள்’ என்ற தொனி பெரும்பாலும் இருக்கும், நம்முடைய ‘தான்’ செய்கிற வேலை அது. “ஆட்டோக்காரர் நோ மோர் தேன் ஃபிஃப்டி ருபீஸ் கேட்டார்னா, அம்பதே ரூபாதான் கேட்டார்னு சந்தோஷப்படுறீங்க. இவங்களும் கனிவாத்தான் எழுதியிருக்காங்க” என்றேன்.

தம்பி கடிதத்தை மறுபடி படித்தார். “அப்ப போலாம்ங்கிறீங்க?”

“ஆரப்பாளையத்துல காலைல முதல் கோயம்புத்தூர் பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டு வைங்க” என்று சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டை எடுத்தேன்.